ஆயிரத்துக்கு எத்தனை?

ஒரு தேசம் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்று அளந்து பார்க்க அநேக அளவுகோல்கள் இருக்கின்றன. எத்தனை மைல் ரயில் பாதை போட்டிருக்கிறார்கள், எத்தனை டன் எஃகு வார்க்கிறார்கள், தலைக்கு எவ்வளவு வருமானம் என்றெல்லாம் பொருளாதார நிபுணர்கள் கணக்குப் போடுவார்கள். இவை எல்லாவற்றிலும் எளிதான அளவுகோல் ஒன்று உண்டு. அதற்கு ஒரே ஒரு கேள்வி போதும். பிறக்கின்ற ஆயிரம் குழந்தைகளில், ஆண்டு நிறைவு காணாமல் மறைந்து போகிற குழந்தைகள் எத்தனை?

இந்த எண்ணுக்குச் சிசு மரண விகிதம் என்று பெயர். மற்ற அளவுகோல்களுக்கு இல்லாத பெருமை ஒன்று இதற்கு உண்டு. வருமானக் கணக்கில், ஒரே ஒரு கோடீசுவரர் குடியேறிவிட்டால் தெரு முழுவதும் பணக்காரத் தெருவாகிவிடும். சிசு மரணக் கணக்கில் அந்த ஜாலவித்தை பலிக்காது. அடையாற்றங்கரை மாளிகையில் பிறந்த குழந்தையும் ஒன்று. அதே ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்த குழந்தையும் ஒன்று. இரண்டையும் ஒரே விரலால்தான் எண்ண வேண்டும்.

வகுப்பில் விகிதக் கணக்குக் கற்பிக்கும்போது மாணவர்கள், "ஆயிரத்துக்கு நூற்றறுபது" என்பதை வெறும் எண்ணாகவே எழுதிக்கொள்வார்கள். அப்போது ஒரு பள்ளிக்கூடத்தை மனத்தில் கட்டிக்கொள்ளும்படி நான் சொல்வதுண்டு. அதில் ஆயிரம் பேர். வகுப்புக்கு நாற்பது பேர் வீதம் இருபத்தைந்து வகுப்புகள். ஆயிரத்துக்கு நூற்றறுபது என்றால், அந்தப் பள்ளியில் நான்கு வகுப்பறைகள் அடியோடு காலி என்று அர்த்தம். பெஞ்சு இருக்கும், கரும்பலகை இருக்கும், ஆஜர் பட்டியல் இருக்கும், கூப்பிட்டால் "ஆஜர்" என்று சொல்லக் குழந்தைகள் இரா. இதைச் சொன்ன பிறகு வகுப்பில் சற்று நேரம் சத்தமே இராது.

அந்த நூற்றறுபது கற்பனை எண் அல்ல. விக்டோரியா மகாராணியின் ஆட்சி முடியும் தறுவாயில், 1899-ம் வருஷத்தில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 163 குழந்தைகள் ஒரு வயது நிரம்புவதற்குள் மாண்டன. பாதி உலகத்துக்குத் துணியும் இயந்திரமும் விற்ற தேசம் அது. ஆயினும் அந்தத் தேசத்து நகரங்களில் கோடை வந்தால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. தெருவெல்லாம் குதிரைச் சாணம், சாணத்தில் ஈ, ஈ வந்து உட்காருவது பாலில். போதாக்குறைக்கு, நீண்ட ரப்பர்க் குழாய் பொருத்திய பால் புட்டி ஒன்று அங்கே நாகரிகமாய் வழங்கியது. தாய்க்குச் சௌகரியம், குழந்தை தானே படுத்துக் குடித்துக்கொள்ளும். அந்தக் குழாயின் உட்புறத்தைக் கழுவத்தான் ஒருவராலும் முடியாது!

இப்படி இருந்த எண், 1937-ல் 58 ஆகியது. 1950-ல் ஏறக்குறைய 30. இன்று நான்குக்குச் சமீபம். இந்த இறக்கத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பெனிசிலின் முதலிய அற்புத மருந்துகள் சாமானிய ஜனங்களின் கைக்கு எட்டியது 1940-களின் பிற்பகுதியில்தான். அதற்குள்ளாகவே அந்த மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. குறைத்தவை என்ன? சாக்கடை, குழாய்த் தண்ணீர், சுத்தமான பால், தேர்ச்சி பெற்ற மருத்துவச்சி, வீட்டு வாசலுக்கு வந்து தாய்மாருக்குப் பக்குவம் சொன்ன பெண்கள் ஆகியவையே பெரும் பங்கு செய்தன.

இங்கே ஹடர்ஸ்பீல்டு என்ற ஆலை நகரத்தின் கதை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 1904-ல் அங்கே நகரத் தலைவராக இருந்தவர் பெஞ்சமின் பிராட்பெண்ட் என்பவர். தமது பேட்டையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் ஆண்டு நிறைவு கண்டால் பெற்றோருக்கு ஒரு பவுன் தருவதாக அவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். பவுன் மட்டும் தரவில்லை. குழந்தையை எப்படிப் பேணுவது என்ற யோசனைகளையும் கூட அனுப்பினார். வீடு தேடிச் சென்று விசாரிக்கவும் ஏற்பாடு செய்தார். குழந்தைகள் பிழைத்தன, அவர் பணமும் மகிழ்ச்சியோடு செலவாயிற்று. "ஏழைகள் குழந்தைகள் சாவது விதி" என்று தத்துவம் பேசியவர்கள் அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ள நேர்ந்தது.

இனி நம் தேசத்துக்கு வருவோம். ஸர் ஜோஸப் போர் என்பவர் தலைமையில் அமைந்த ஆரோக்கிய விசாரணைக் கமிட்டி 1946-ல் தன் அறிக்கையை வெளியிட்டது. சென்னை எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் புகழ் பெற்ற டாக்டர் ஆ. லக்ஷ்மணஸ்வாமி முதலியாரும் அதில் ஓர் அங்கத்தினர். 1937-ம் வருஷத்துக்கு அந்த அறிக்கை தந்த எண்கள் இவை: நியூஜீலந்து 31, இங்கிலாந்து 58, பிரிட்டிஷ் இந்தியா 162. இங்கிலாந்து 1899-ல் நின்ற படிக்கட்டில் நாம் 1937-ல் நின்றுகொண்டிருந்தோம்!

சென்னையில் ஒன்றுமே நடைபெறவில்லை என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. பிரசவத்துக்கென்று இந்தப் பட்டணத்தில் ஆஸ்பத்திரி ஏற்பட்டது 1844-ல். அதுவே பின்னர் இப்போதைய இடத்துக்கு மாறியது. ஆனால் ஆண் வைத்தியர் தொடுவதை விட யமன் தொடுவது மேல் என்று நினைத்த குடும்பங்கள் அந்நாளில் ஏராளம். இதைக் கண்டு மனம் பொறாமல் வைத்தியம் படிக்கப் புறப்பட்டவர் மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ல் முதன் முதலாகச் சேர்த்துக்கொண்ட நான்கு பெண்களில் அவர் ஒருவர். லண்டனிலும் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885-ல் கோஷாப் பெண்களுக்கென்று அவர் தொடங்கிய ஆஸ்பத்திரிதான் இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரால் விளங்குகிறது.

1912-ல் அதே கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று வெளிவந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அடையாற்றில் அவ்வை இல்லத்தையும் புற்றுநோய் ஆஸ்பத்திரியையும் பார்க்கிறவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் பிரசவிப்பதைக் கண்ணால் கண்ட வைத்தியர்கள், சிசுவின் மரணத்துக்கு ஒரு காரணம் தாயின் வயதே என்று அறிந்திருந்தார்கள். 1929-ல் சாரதா சட்டம் பெண்ணின் விவாக வயதைப் பதினான்கு என்று வரையறுத்தபோது அதற்கு எத்தனை எதிர்ப்பு! மயிலாப்பூர் மாட வீதிகளிலும் அந்த எதிர்ப்பு ஒலித்தது. வைத்தியரின் கணக்கு ஒரு பக்கம். சம்பிரதாயத்தின் கூச்சல் மறுபக்கம். கடைசியில் கணக்கே ஜயித்தது. 1978-ல் அந்த வயது பதினெட்டு ஆயிற்று.

படித்தவர்கள், பணமுள்ளவர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில் வசிப்பவர்கள் இவர்களுடைய குழந்தைகளாவது தப்பினவா? இந்தக் கேள்விக்கு விடை தேட வெகு தூரம் போக வேண்டாம். மயிலாப்பூரிலேயே விடை இருக்கிறது.

ஐம்பது, அறுபது வருஷங்களுக்கு முந்திய பத்திரிகை இதழ் எதையாவது புரட்டிப் பாருங்கள். குழந்தைகளின் ஈரல் குலைக்கட்டிக்கு மருந்து என்ற விளம்பரம் கண்ணில் படும். ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் ஜம்மி வேங்கடரமணய்யாவின் பெயர் பூண்ட வைத்தியசாலையைத் தெரியாத தாய்மார் அக்காலத்தில் அபூர்வம். ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையே உள்ள குழந்தைக்கு மெல்லிய ஜுரம் காணும், சிடுசிடுப்பு மிகும், வயிறு பருக்கும், ஈரல் கல் போல் ஆகும், பிறகு மஞ்சள் காணும். சில மாதங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஒரே வீட்டில் அடுத்தடுத்து இரண்டு, மூன்று குழந்தைகள் போனதும் உண்டு. கல்கத்தாவில் 1887-லேயே இந்த நோயை வருணித்து எழுதியிருக்கிறார்கள். விசித்திரம் என்னவென்றால், பரம ஏழைகளின் குழந்தைகளை இந்நோய் அதிகம் தீண்டவில்லை. மத்தியதர ஹிந்துக் குடும்பங்களையே அது தேடித் தேடிப் பிடித்தது. ஜாதகத்தைப் பார்த்தார்கள்; திருஷ்டி கழித்தார்கள்; தாயின் பால் ஆகாது என்று நிறுத்தினார்கள்.

குற்றவாளி எங்கே ஒளிந்திருந்தான் தெரியுமா? அடுப்படியில், பளபளவென்று தேய்த்து வைத்திருந்த பித்தளைப் பாத்திரத்தில்! புனாவில் குழந்தை வைத்தியர்களும் அவர்களோடு சேர்ந்து உழைத்த ஆங்கில நிபுணர்களும் 1980-களில் இதை ஆராய்ந்தார்கள். நோயுற்ற குழந்தைகளின் ஈரலில் தாமிரம் மிதமிஞ்சிச் சேர்ந்திருந்தது. அக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மிக இளம் வயதிலேயே பசும்பாலோ எருமைப்பாலோ புகட்டியிருந்தார்கள். அந்தப் பாலைக் காய்ச்சியதும் வைத்திருந்ததும் பித்தளை அல்லது செம்புப் பாத்திரத்தில். பால் தாமிரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஈரலில் அதைத் தாங்கும் சக்தி பரம்பரையாகவே சில குழந்தைகளுக்குக் குறைவாக இருந்திருக்கவும் கூடும். ஆஸ்திரியாவில் டைரோல் என்ற மலை நாட்டிலும் இதே கதைதான். அங்கே 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இத்தகைய ஈரல் நோயால் இறந்தன. செம்புப் பாத்திரத்தில் பால் காய்ச்சும் வழக்கம் ஒழிந்ததும் நோயும் ஒழிந்தது.

நம் பாட்டிமாருக்குக் களிம்பு தெரியும். புளியையும் தயிரையும் பித்தளையில் வைக்க விடமாட்டார்கள். தெருவில் ஈயம் பூசுகிறவன் குரல் கேட்டால் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஈயம் பூசிய பாத்திரத்தில் தாமிரம் பாலோடு கலவாது. ஆனால் பாலிலும் களிம்பின் குணம் இறங்கும் என்பதும், அது கண்ணுக்குத் தெரியாது என்பதும் அவர்களுக்குத் தெரியாது; அந்நாள் வைத்தியர்களுக்கும் தெரியாது. பிறகு எவர்சில்வர் வந்தது. அதை வாங்கியவர்கள் தேய்ப்பது சுலபம் என்றுதான் வாங்கினார்கள். குழந்தைகள் பிழைத்தது அதனுடன் வந்த லாபம். 1990-களுக்குள் இந்நோய் மிக அபூர்வமாகிவிட்டது.

அமெரிக்காவிலும் இதற்கு இணையான ஒரு செய்தி உண்டு. 1900-ம் வருஷத்து ஜனக்கணக்கைப் பிற்காலத்தில் ஆராய்ந்த ஸாமுவேல் பிரெஸ்டன், மைக்கேல் ஹெயின்ஸ் என்ற இரு நிபுணர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். அந்நாள் டாக்டர்களின் சொந்தக் குழந்தைகளே மற்றவர்களின் குழந்தைகளை விட மிகச் சொற்பமாகத்தான் அதிகம் பிழைத்திருந்தன. டாக்டரிடம் பணம் இருந்தது, அன்பு இருந்தது, பாலைக் காய்ச்சு, கையைக் கழுவு என்ற பழக்கம்தான் இன்னும் முழுதும் வீட்டுக்குள் நுழையவில்லை. ஆகவே, பணம் மட்டும் குழந்தையைக் காப்பதில்லை. பட்டம் மட்டும் காப்பதில்லை. அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் வந்து சேர்ந்த அறிவே காக்கிறது.

அந்த அறிவு தமிழ்நாடு முழுவதும் பரவிய வரலாறுதான் பிந்திய ஐம்பது வருஷத்து வரலாறு. 1971-ல் தமிழ்நாட்டின் எண் 113. 1991-ல் 57. 2010-ல் 24. 2020-ல் 13. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். நூற்றுப்பதின்மூன்று, பதின்மூன்று. நடுவில் நழுவிய நூறு என்ன? ஆயிரம் பேர் பள்ளிக்கூடத்தில் இரண்டரை வகுப்புக் குழந்தைகள்! இங்கிலாந்து ஏறக்குறைய இதே தூரத்தைக் கடக்க 1910-ஐ ஒட்டிப் புறப்பட்டு 1970-களின் இறுதியில்தான் வந்து சேர்ந்தது. அவர்கள் எழுபது வருஷத்தில் நடந்த வழியை நாம் ஐம்பது வருஷத்துக்குள் நடந்திருக்கிறோம். கட்சிக்கு அப்பாற்பட்டுப் பெருமைப்படத் தக்க விஷயம் இது.

இதற்கு அஸ்திவாரம் பழையது. பொது ஜன சுகாதாரத்துக்கென்றே தனிச் சட்டம் இந்தியாவில் முதன் முதலாக இயற்றியது சென்னை மாகாணம்தான், வருஷம் 1939. அதன் மேல் ஒவ்வொரு கல்லாக வைத்தார்கள். கிராம சுகாதார நர்ஸுகள் வீடு வீடாகச் சென்றார்கள். 1980-ல் ஊட்டச்சத்துத் திட்டம், 1982-ல் விரிந்த சத்துணவு, 1985 முதல் தேசமெங்கும் தடுப்பு ஊசி. பெண்கள் படித்தார்கள், பிள்ளைப்பேறு இரண்டோடு நின்றது, இரண்டுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. 1971-ல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரைக் கொண்டே ஆயிரக்கணக்கானவர்களைப் பேதியிலிருந்து மீட்டாரே, அந்தத் தண்ணீர் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது. இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான்.

இதோடு திருப்தி அடைந்து தூங்கிவிடலாமா? பக்கத்து மலையாள நாட்டைப் பாருங்கள்; 2020-ல் அங்கே 6. ஜப்பானைப் பாருங்கள், 1918-ல் ஆயிரத்துக்கு 189 என்று நம்மைப் போலவே தத்தளித்த தேசம், இன்று இரண்டுக்கும் கீழே. எஞ்சியிருக்கும் பதின்மூன்றில் பெரும்பகுதி பிறந்த இருபத்தெட்டு நாட்களுக்குள் நேர்கிற மரணங்கள். குறைமாதம், எடைக் குறைவு, பிறவிக் கோளாறு, தொற்று இவை அதன் காரணங்கள். இங்கே ஆஸ்பத்திரிக்கு வேலை உண்டு. நமக்கும் வேலை உண்டு.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தடவும் வழக்கம் இன்னும் போகவில்லை. குழந்தைக்கு முதல் மணி நேரத்தில் வேண்டியது சீம்பால் ஒன்றுதான்; தேன் ஒரு வயது வரை ஆகவே ஆகாது. குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைத்தாலே அதற்கு வேண்டிய சூடு கிடைக்கிறது. 1970-களின் இறுதியில் தென் அமெரிக்காவின் போகோடா நகரத்தில் இயந்திரம் போதாமல் வைத்தியர்கள் கையாண்ட இந்த முறையை இன்று உலகமே ஒப்புக்கொண்டுவிட்டது. உறவு விட்டுப் போகக் கூடாது என்று அக்காள் மகளையும் அத்தை மகனையும் முடிச்சுப் போடுவதும் நம்மிடையே இன்னும் மறையவில்லை. தமிழ்நாட்டு விவாகங்களில் நான்கில் ஒன்றுக்குக் குறையாமல் நெருங்கிய உறவில் நடப்பவை. பிறவிக் கோளாறுகள் அத்தகைய குடும்பங்களில் சற்று அதிகம் என்பதைப் பெண் பார்க்கப் போகும் முன் நினைத்துக்கொள்வது நல்லது.

தியாகராய நகர்ப் பாத்திரக் கடைகளில் இப்போது செம்பும் பித்தளையும் மறுபடியும் அலங்காரமாக வந்து உட்கார்ந்திருக்கின்றன. பழைமையில் எனக்கும் பிரியம் உண்டு. வாங்குங்கள், கூடத்தில் வையுங்கள், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னும் அழகாக இருக்கும். குழந்தைக்குப் புகட்டும் பாலை மட்டும் ஈயமில்லாத அந்தப் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இந்த எண்ணில் நம் வீட்டுக் குழந்தை மட்டும் அடங்கவில்லை. காலையில் வந்து நம் வீட்டுப் பாத்திரம் தேய்க்கிற பெண்ணின் குழந்தையும் அதில் ஒன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-ல் ஏற்பட்ட மகப்பேறு உதவி, 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. கருவுற்றவுடனே கார்ப்பரேஷன் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். நேயர்கள் அவளோடு ஒரு நாள் போய் அதைச் செய்து கொடுக்கலாம். ஏழாம் மாதத்துக்குப் பின் குனிந்து நிமிரும் வேலைகளை நிறுத்தலாம். பிரசவமான பிறகு மூன்று மாதம் சம்பளத்தோடு லீவு கொடுக்கலாம். "அத்தனை நாள் யார் வேலை செய்வது?" என்று கேட்கிறீர்களா? ஹடர்ஸ்பீல்டு நகரத் தலைவர் தம் பேட்டையில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பவுன் கொடுத்தார். நாம் ஒரே ஒரு வீட்டின் மூன்று மாதப் பாத்திரத்தைத்தான் தேய்க்கப் போகிறோம்!